சிவப்புக் கோட்டின் மேல் எழுதிய பெயர்கள்

என் அலமாரியில் ஒரே நாவல் மூன்று தலைப்புகளில் இருக்கிறது. மூன்றும் பிரெஞ்சு. எழுதியவர் ஹார்ப்பர் லீ என்ற அமெரிக்கப் பெண்மணி. ஆங்கிலத்தில் 1960ஆம் ஆண்டு வந்த ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ என்பதுதான் அது. மறு ஆண்டே புலிட்சர் பரிசு கிடைத்தது. 1962இல் கிரிகரி பெக் நடித்துப் படமாகவும் வந்தது. நம் வயதுக்காரர்களில் சிலர் அந்தப் படத்தையாவது பார்த்திருப்பீர்கள்.

1961இல் வந்த முதல் பிரெஞ்சு மொழிபெயர்ப்புக்கு ‘கான் மேர் ல ரொசிஞோல்’ என்று பெயர். ‘நைட்டிங்கேல் சாகும்போது’ என்று பொருள். 1989இல் வந்ததற்கு ‘அலுவெத், ழ த ப்ளுமரே’. ‘வானம்பாடியே, உன் இறகைப் பிய்ப்பேன்’ என்பது போல வரும். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள் சின்ன வயதில் கை தட்டிப் பாடிய பாட்டிலிருந்து எடுத்த தலைப்பு. 2005இல்தான் ‘ந திரே பா சுர் லுவாசோ மோக்கர்’, அதாவது ‘கேலிப் பறவையைச் சுடாதீர்கள்’ என்று மூலத்துக்குப் பக்கத்தில் வந்தார்கள். இந்தக் கடைசிப் புத்தகம் பிரான்சில் இருக்கும் என் மகள் வாங்கி அனுப்பியது.

ஏன் இத்தனை தடுமாற்றம்? மாக்கிங்பேர்ட் அமெரிக்கக் கண்டத்துப் பறவை. மற்றப் பறவைகளின் குரலை வாங்கித் திருப்பிப் பாடும். பிரான்சில் அது கிடையாது, நம் ஊரிலும் கிடையாது. பார்த்திராத பறவைக்குத் தங்களுக்குத் தெரிந்த பறவையின் பெயரை வைத்துவிட்டார்கள். யோசித்துப் பார்த்தால் அந்த நாவலின் கதையே இதுதான். பார்த்திராத மனிதர்களுக்கு ஊர் தானாகவே ஒரு பெயரை வைத்துவிடுகிறது. பிறகு அந்தப் பெயருக்கு ஏற்றபடி அவர்களை நடத்துகிறது.

இலக்கிய விமர்சனம் எழுத நான் ஆளில்லை. முப்பத்தைந்து வருடம் அரசாங்க ரிஜிஸ்தர்களோடு குடித்தனம் நடத்திய குமாஸ்தா நான். 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பள்ளிச் சிறுவன். படிப்பைப் பிரெஞ்சிலேயே முடித்துவிட்டு, ஆங்கிலத்தில் குறிப்பெழுதும் அலுவலகத்துக்குள் நுழைந்தவன். இந்த நாவலை மூன்று முறை படித்த பிறகு, குமாஸ்தா கண்ணுக்கு மட்டும் படக்கூடிய ஒரு விஷயம் அதில் தென்பட்டது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் தெற்கே அலபாமா மாநிலம், மேகோம் என்ற கற்பனை ஊர். காலம் 1933 முதல் 1935 வரை. பொருளாதாரம் குப்புற விழுந்து கிடந்த வருடங்கள். ஸ்கவுட் என்ற பெண் குழந்தை கதை சொல்கிறாள். தொடக்கத்தில் அவளுக்கு ஆறு வயது ஆகப்போகிறது, அண்ணன் ஜெம்முக்குப் பத்து. தாயில்லாப் பிள்ளைகள். தகப்பனார் ஆட்டிகஸ் ஃபின்ச் வழக்கறிஞர். வீட்டைப் பார்த்துக்கொள்வது கல்பூர்னியா என்ற கறுப்பினப் பெண்மணி.

தெருக்கோடியில் ராட்லி வீடு. அதற்குள் ஆர்தர் ராட்லி என்பவர் பல வருடங்களாக வெளியே வராமல் இருக்கிறார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பூ. பேயைப் போல் பயங்காட்டும்போது எழுப்பும் சத்தம் அது. இரவில் அணிலைப் பச்சையாகத் தின்கிறார், ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறார் என்று ஊரில் பேச்சு. ராட்லி வீட்டு மரத்திலிருந்து பள்ளி மைதானத்தில் விழும் கொட்டைகளைக்கூடப் பிள்ளைகள் தொடமாட்டார்கள், விஷமாம். நம் தெருக்களிலும் இப்படி ஒரு வீடு இருந்திருக்கும். எங்கள் பக்கத்தில் இருந்தது. பந்து உள்ளே விழுந்தால் விழுந்ததுதான்.

ஆனால் அந்த மனிதர் செய்தது வேறு. மரப் பொந்தில் பிள்ளைகளுக்காகச் சூயிங்கம், பழைய காசு, சோப்பில் செதுக்கிய இரண்டு பொம்மைகள், ஓடாத கடிகாரம் என்று ஒவ்வொன்றாக வைத்தார். வேலியில் மாட்டிக் கிழிந்த ஜெம்மின் கால்சட்டையைத் தைத்து மடித்து வைத்தார். பக்கத்து வீடு தீப்பற்றி எரிந்த குளிர் இரவில், வெளியே நின்ற ஸ்கவுட்டுக்குத் தெரியாமல் தோளில் போர்வை போட்டுவிட்டுப் போனார். பொந்து வழியாக நடந்த இந்தப் பரிமாற்றத்தைக் கண்டுபிடித்த அவருடைய அண்ணன் பொந்தையே சிமெண்டு வைத்து அடைத்துவிட்டார். அன்று ஜெம் அழுதான் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறார் ஹார்ப்பர் லீ.

இன்னொருவர் டாம் ராபின்சன். கறுப்பினத்தவர், இருபத்தைந்து வயது, மனைவியும் பிள்ளைகளும் உண்டு. சிறு வயதில் பஞ்சிலிருந்து விதை பிரிக்கும் இயந்திரத்தில் சிக்கி இடது கை வீணானது. குப்பைமேட்டுக்குப் பின்னால் குடியிருக்கும் பாப் யூவெல் என்ற வெள்ளைக்காரர், தன் மகள் மயெல்லாவை டாம் பலாத்காரம் செய்ததாகப் புகார் கொடுக்கிறார். மயெல்லாவின் முகத்தில் காயம் வலது பக்கம். எதிரே நின்று அடித்தவர் இடக்கைக்காரராக இருக்கவேண்டும். டாமுக்கு இடக்கை இல்லாத மாதிரிதான். தகப்பன் யூவெலோ இடக்கையால் கையெழுத்துப் போடுகிறவர். ஆட்டிகஸ் இதையெல்லாம் கோர்ட்டில் எடுத்துக் காட்டுகிறார். பன்னிரண்டு வெள்ளைக்கார ஜூரிகளும் குற்றவாளி என்று சொல்லிவிடுகிறார்கள். பிறகு டாம் சிறைப் பண்ணையிலிருந்து தப்ப முயன்றபோது சுட்டுக் கொல்லப்படுகிறார். உடம்பில் பதினேழு குண்டுகள்.

பெரும்பாலானவர்கள் இந்த இருவரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவார்கள். இரண்டு பேருமே யாருக்கும் தீங்கு செய்யாத மாக்கிங்பேர்டுகள், ஊர் தப்பாகப் புரிந்துகொண்டது என்பார்கள். நானும் முதல் வாசிப்பில் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். இரண்டாம் முறை படித்தபோது எனக்குள் இருந்த குமாஸ்தா விழித்துக்கொண்டார். இருவரின் கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

ஆர்தர் ராட்லி வாலிபத்தில் கூட்டாளிகளோடு சேர்ந்து கலாட்டா செய்து, நீதிமன்றச் சேவகர் ஒருவரைக் கழிவறைக் கொட்டகையில் பூட்டிவைத்தார். பொது ஒழுங்கைக் கெடுத்தது முதலான குற்றச்சாட்டுகள். மற்றப் பையன்களை நீதிபதி அரசாங்கத் தொழிற்பள்ளிக்கு அனுப்பினார். ராட்லியின் தகப்பனார் மட்டும் ‘என் மகன் இனிமேல் தொந்தரவு செய்யமாட்டான்’ என்று வாக்குக் கொடுத்தார். நீதிபதி சரி என்று விட்டுவிட்டார். அன்று வீட்டுக்குள் போனவர்தான்.

பதினைந்து வருடம் கழித்து, பத்திரிகைத் துண்டுகளை நறுக்கிக்கொண்டிருந்தபோது, அதே கத்தரிக்கோலால் தகப்பனார் காலில் குத்திவிட்டார். ஷெரீப் வந்தார். மகனைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பமாட்டேன், வழக்கும் போடக்கூடாது என்றார் தகப்பனார். வழக்குப் போடவில்லை. கொஞ்ச நாள் அடைத்துவைக்க வேண்டியிருந்தது. ஆனால் சிறையில் கறுப்பினத்தவர்களோடு வைக்க ஷெரீப்புக்கு மனம் வரவில்லையாம். நீதிமன்றத்தின் நிலவறையில் வைத்தார். இதைக் குழந்தை ஸ்கவுட் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகிறாள். எனக்கு அங்கே நெஞ்சில் ஏதோ தட்டியது. ஊரால் ஒதுக்கப்பட்ட மனிதருக்கே ஒரு கோடு இருக்கிறது, அந்தக் கோட்டுக்கு அப்பால் அவரை இறக்கமாட்டார்கள்.

இப்போது டாமின் கோப்பு. கோர்ட்டில் அரசு வழக்கறிஞர், டாம் ஏற்கெனவே முப்பது நாள் சிறையில் இருந்தவர் என்று எடுத்துவிடுகிறார். என்ன குற்றம்? யாரோ ஒருவரோடு அடிதடி. அதே பொது ஒழுங்கைக் கெடுத்த குற்றம்தான். அடித்தவருக்கும் அடிவாங்கியவருக்கும் தண்டனை. அந்த ஆள் அபராதம் கட்டிவிட்டார். டாமிடம் பணம் இல்லை, உள்ளே போனார்.

ஒரே ஊர், ஒரே குற்றம். ஒருவருக்குக் காகிதமே கிடையாது. இன்னொருவருக்கு முப்பது நாள் பதிவேட்டில் ஏறி, வருடங்கள் கழித்து அவர் கழுத்துக்கு வருகிறது.

கதையின் முடிவில் யூவெல் இருட்டில் பிள்ளைகளைக் கொல்லப் பார்க்கிறார். பூ ராட்லி வந்து காப்பாற்றுகிறார். யூவெல் கத்திக் குத்தில் சாகிறார். ஷெரீப் டேட் என்ன செய்கிறார்? யூவெல் தன் கத்தியின் மேல் தானே விழுந்து செத்தார் என்று முடிவுகட்டிவிடுகிறார். கூச்ச சுபாவமுள்ள ஒரு மனிதரை ஊர் வெளிச்சத்தில் இழுத்து நிறுத்துவது பாவம் என்கிறார். படிக்கும்போது கண் கலங்கும். எனக்கும் கலங்கியது. கலங்கியது போன பிறகு எண்ணிப் பார்த்தேன். பூவுக்காகச் சட்டத்தின் காகிதம் வளைந்தது இது மூன்றாவது தடவை. டாமுக்காக ஒரு தடவைகூட வளையவில்லை. ஒரு தடவைகூட நேராகவும் இல்லை.

இதெல்லாம் கதைதானே என்று சொல்லலாம். கதையல்ல. இந்த நாவல் நடக்கும் அதே வருடங்களில் அலபாமாவில் நடந்த ஸ்காட்ஸ்பரோ வழக்கை அறியாமல் நாவலைப் படிப்பது, அடிக்குறிப்பில்லாமல் பழைய உரைநூலைப் படிப்பது போல.

1931 மார்ச் 25. சரக்கு ரயிலில் டிக்கெட் இல்லாமல் வேலை தேடிப் போய்க்கொண்டிருந்த ஒன்பது கறுப்பின இளைஞர்கள், அலபாமாவில் பெயிண்ட் ராக் என்ற இடத்தில் பிடிக்கப்பட்டார்கள். மிகச் சிறியவனுக்குப் பதின்மூன்று வயதுதான் இருக்கும். அதே ரயிலில் இருந்த இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள், இவர்கள் தங்களைப் பலாத்காரம் செய்ததாகச் சொன்னார்கள். ஏப்ரல் 6ஆம் தேதி ஸ்காட்ஸ்பரோ ஊரில் விசாரணை தொடங்கியது. சில நாட்களுக்குள் எட்டுப் பேருக்கு மரண தண்டனை. ஒரு கோப்புக்கு மேலொப்பம் வாங்க நாங்கள் எடுத்துக்கொண்ட அவகாசம்கூட இல்லை.

1932இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், முறையான வழக்கறிஞர் உதவி தரவில்லை என்று தண்டனைகளை ரத்து செய்தது. 1933இல் மறு விசாரணை. இரண்டு பெண்களில் ஒருவரான ரூபி பேட்ஸ், அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்று கூண்டில் ஏறிச் சொன்னார். ஜூரிகள் மீண்டும் குற்றவாளி என்றார்கள். நீதிபதி ஜேம்ஸ் ஹார்ட்டன் சாட்சியங்களை எடைபோட்டு அந்தத் தீர்ப்பைத் தள்ளிவைத்தார். மறு ஆண்டுத் தேர்தலில் அவர் நீதிபதிப் பதவியை இழந்தார். அங்கே நீதிபதிக்கும் ஓட்டு வாங்கவேண்டும். ஓட்டுப் போடுவது யார்? 1901ஆம் ஆண்டு மாநில அரசியல் சட்டம் எழுதப்படிக்கத் தெரியவேண்டும், ஓட்டு வரி கட்டவேண்டும் என்று நிபந்தனைகள் போட்டு, கறுப்பினத்தவர்களைப் பெரும்பாலும் பட்டியலுக்கு வெளியே தள்ளியிருந்தது.

நான் சொல்ல வந்த இடத்துக்கு இப்போது வருகிறேன். இளைஞர்களுக்காக நியூயார்க்கிலிருந்து வந்த வழக்கறிஞர் சாமுவேல் லைபோவிட்ஸ், ஜூரி பட்டியலையே கேள்வி கேட்டார். அந்த மாவட்டத்தில் யாருக்கும் நினைவு தெரிந்த காலத்திலிருந்து ஒரு கறுப்பினத்தவர்கூட ஜூரியாக உட்கார்ந்ததில்லை. அரசுத் தரப்பு பட்டியல் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டியது. பாருங்கள், கறுப்பினத்தவர் சிலர் பெயரும் இருக்கிறது என்றது.

அந்தப் பட்டியலில் ஒரு விஷயம். புதிய ஜூரிக் குழு பொறுப்பேற்றபோது, முந்தைய குழு எழுதிவைத்த பெயர்களின் முடிவில் ஒவ்வொரு வட்டத்துக்கும் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள். பழையது இதோடு முடிந்தது என்பதற்கு அடையாளம். கணக்கு எழுதியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பழக்கம்தான். கையெழுத்து நிபுணர் பார்த்துவிட்டுச் சொன்னார்: கறுப்பினத்தவர்களின் பெயர்கள் சிவப்புக் கோட்டின் மேல் ஏறி இருக்கின்றன. அதாவது கோடு போட்ட பிறகு, வழக்கு வந்த பிறகு, யாரோ பழைய பக்கங்களில் இடம் பார்த்து நுழைத்திருக்கிறார்கள்.

1935இல் வழக்கு மறுபடி உச்ச நீதிமன்றம் போனது. பெயர்கள் பொய்யாகச் சேர்க்கப்பட்டவை என்று லைபோவிட்ஸ் சொன்னார். நிரூபிக்க முடியுமா என்று தலைமை நீதிபதி ஹியூஸ் கேட்டார். லைபோவிட்ஸ் அந்தப் பெரிய பட்டியல் புத்தகங்களையே கோர்ட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். நீதிபதிகள் ஒவ்வொருவராகப் பூதக்கண்ணாடி வைத்துப் பக்கத்தைப் பார்த்தார்கள். ஏப்ரல் 1ஆம் தேதி தீர்ப்பு வந்தது. கறுப்பினத்தவர்களைத் திட்டமிட்டு ஜூரியிலிருந்து விலக்கியது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தண்டனை ரத்தானது.

ஆனாலும் உடனே யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மறுபடி விசாரணை, மறுபடி தண்டனை என்று இழுத்தது. கிளாரன்ஸ் நாரிஸ் என்பவருடைய பெயரில்தான் அந்தத் தீர்ப்பு. அவருக்கு மன்னிப்பு கிடைத்தது 1976இல். கடைசி மூவருக்கு 2013இல் அறிவித்தார்கள். மூவருமே அப்போது உயிரோடு இல்லை.

ஹார்ப்பர் லீக்கு இது தன் மாநிலத்துச் செய்தி மட்டுமல்ல. அவர் 1926இல் அலபாமாவின் மன்ரோவில் என்ற சிற்றூரில் பிறந்தவர். தகப்பனார் அமாசா கோல்மன் லீ வழக்கறிஞர், உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர், மாநிலச் சட்டமன்ற உறுப்பினரும்கூட. 1919இல் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட இரண்டு கறுப்பினத்தவர்களுக்காக அவர் வாதாடினார். இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். அதன் பிறகு அவர் கிரிமினல் வழக்கையே எடுக்கவில்லை. 1933இல் அதே வட்டாரத்தில் வால்டர் லெட் என்ற கறுப்பினத்தவர் மேல், வெள்ளைக்காரப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாகப் புகார் வந்தது. மரண தண்டனை விதித்தார்கள். ஊர்க்காரர்கள் சிலரே சந்தேகம் எழுப்பிக் கடிதம் எழுதிய பிறகு ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. அதற்குள் அந்த மனிதருக்கு மனம் பேதலித்துவிட்டது. 1937இல் மருத்துவமனையில் காசநோயால் இறந்தார். சிறுமி நெல்லுக்கு (ஹார்ப்பர் லீயை வீட்டில் நெல் என்றுதான் கூப்பிடுவார்கள்) அப்போது பதினோரு வயது. புகார் வந்தபோது அவள் வயது ஸ்கவுட்டின் வயதை ஒட்டியதுதான்.

இங்கே ஒரு சொந்த விஷயத்தை எழுதியாக வேண்டும். இத்தனை வருடம் எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். நான் வேலை பார்த்த அலுவலகத்தில் என்.எம்.ஆர். ஆட்கள், அதாவது தினக்கூலிப் பட்டியலில் இருந்தவர்கள், சிலரை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று உத்தரவு வந்தது. குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் வேலை செய்தவர்கள் பெயரைப் பட்டியல் போட்டு மேலே அனுப்பவேண்டும். வருகைப் பதிவேடு என் பொறுப்பில். கூட்டிப் பார்த்தேன், பதினைந்து பேர் தேறினார்கள்.

அதில் ஒருவர் இரவுக் காவலர். யாரோடும் பேசமாட்டார். தனக்குத் தானே பேசிக்கொள்வார். எங்கிருந்து வந்தவர் என்று யாருக்கும் தெரியாது. ஜெயிலுக்குப் போய்வந்தவர் என்று ஒருவர் சொன்னார். சூனியம் வைக்கத் தெரிந்தவர் என்று இன்னொருவர். பழைய இரும்பைக் கடத்துகிறார் என்றும் ஒரு பேச்சு. அதை நானே கேன்டீனில் இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறேன். யாரிடம் கேட்டேன் என்று இன்றைக்கும் ஞாபகம் வரவில்லை.

கையால் எழுதிய வரைவைப் பார்த்த மேலதிகாரி, அவர் பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டார். “இந்த ஆளைப் பத்தி ஊர்ல என்ன பேசுறாங்கன்னு உமக்குத் தெரியுமில்ல?” என்றார். தெரியும் சார் என்றேன். தட்டச்சில் பதினான்கு பெயர்கள் அடித்துக் கொண்டுபோனேன். பென்சில் குறி இருந்த வரைவைக் கிழித்துப் போட்டேன்.

நாலைந்து நாள் கழித்து அவர் என் மேஜைப் பக்கம் வந்து நின்றார். அதற்கு முன் வந்ததே இல்லை. “ஐயா, லிஸ்ட்ல நம்ம பேரு இருக்குங்களா?” என்று கேட்டார். “எனக்குத் தெரியாதுப்பா, மேல போய்க் கேளு” என்றேன். அவர் மேலே போகவில்லை. என்னைவிட மூத்தவர், அவரை நான் ‘கேளு’ என்றேன். அதுவும் இப்போதுதான் உறைக்கிறது. மறு வருடம் அந்த இடத்தில் வேறு காவலர் இருந்தார்.

பிற்பாடு அவர் நல்லவர் என்று தெரியவந்தது, நாங்கள் எல்லோரும் வருந்தினோம் என்று முடித்தால் கதை நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவர் நல்லவரா கெட்டவரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதுதான் விஷயமே. உத்தரவு கேட்டது வேலை செய்த நாட்களை. குணத்தை அல்ல. நாள் கணக்கு அவரிடம் சரியாக இருந்தது.

இதை மனதில் வைத்துக்கொண்டு மறுபடி நாவலுக்கு வந்தால், தலைப்பே உறுத்துகிறது. கதையில் ஆட்டிகஸ் பிள்ளைகளிடம் நீலப் பறவைகளை வேண்டுமானால் சுட்டுக்கொள்ளுங்கள், மாக்கிங்பேர்டைச் சுடுவது பாவம் என்கிறார். அது பாடுவதைத் தவிர ஒரு கெடுதலும் செய்யாது என்று பக்கத்து வீட்டு மோடி அம்மாள் விளக்குகிறார். அப்படியானால் பாடத் தெரியாத பறவையின் கதி என்ன? டாம் ராபின்சன் பொய் சொல்லாதவர், கடுமையாக உழைப்பவர், கைகூட ஊனம். இவ்வளவு நல்லவராக அவரை எழுதினால்தான் நம் மனம் அவர் பக்கம் வருகிறது. அவர் கொஞ்சம் முரடராக, கொஞ்சம் குடிப்பவராக இருந்திருந்தாலும் செய்யாத குற்றம் செய்யாததுதானே?

ஹார்ப்பர் லீக்கு இது தெரியாமல் இல்லை என்றே நினைக்கிறேன். மயெல்லாவைப் பாருங்கள். பொய்ச் சாட்சி சொல்கிறவள். ஆனால் குப்பைமேட்டு வீட்டு வேலியோரம் உடைந்த பாத்திரங்களில் சிவப்புப் பூச்செடி வளர்ப்பவளும் அவள்தான். கோர்ட்டில் ஆட்டிகஸ் மரியாதையாகக் கூப்பிட்டதும், தன்னைக் கேலி செய்கிறார் என்று கோபப்படுகிறாள். பத்தொன்பது வயது வரை அவளை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. தம்பி தங்கைகளை ஐஸ்கிரீம் சாப்பிட அனுப்ப ஒரு வருடம் காசு சேர்த்திருக்கிறாள். ஏன் உதவினாய் என்று டாமைக் கேட்டபோது, அந்தப் பெண்ணைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது என்கிறார். அந்த ஒரு சொல்தான் ஜூரிகளுக்குப் பொறுக்கவில்லை. வெள்ளைக்காரப் பெண்மீது கறுப்பினத்தவர் பரிதாபப்படுவதா? ஊரில் யாரும் செய்யாததை அவர் செய்தார், அந்தப் பெண் தனியாக இருப்பதைப் பார்த்தார்.

2015இல் ஹார்ப்பர் லீயின் இன்னொரு நாவல் ‘கோ செட் எ வாட்ச்மேன்’ வெளிவந்தது. மாக்கிங்பேர்டுக்கு முன்பே எழுதியது. அதில் ஆட்டிகஸுக்கு எழுபத்திரண்டு வயது. கறுப்பினத்தவருக்குச் சம உரிமை கூடாது என்று பேசும் கூட்டத்தில் போய் உட்காருகிறார். பலருக்கு அதிர்ச்சி. பிள்ளைகளுக்கு ஆட்டிகஸ் என்று பெயர் வைத்தவர்கள் நொந்துபோனார்கள். எனக்குப் பெரிய ஆச்சரியமில்லை. நானும் ஏறக்குறைய அந்த வயதில்தான் இருக்கிறேன். ஒரு தடவை நியாயமாக நடந்துகொண்ட மனிதர் எப்போதும் நியாயமாக நடப்பார் என்பதற்கு எந்த ரிஜிஸ்தரிலும் உத்தரவாதம் இல்லை.

மன்ரோவில் ஊரின் பழைய நீதிமன்றம் இப்போது அருங்காட்சியகம். அந்த ஊரில் 1986இல் ஒரு வெள்ளைக்கார இளம்பெண் கொலையானார். மறு வருடம் வால்டர் மெக்மில்லியன் என்ற கறுப்பினத்தவரைப் பிடித்தார்கள். வெள்ளைக்காரப் பெண் ஒருவரோடு அவருக்குப் பழக்கம் உண்டு என்று ஏற்கெனவே ஊரில் பேச்சு. கொலை நடந்த நேரத்தில் அவர் வீட்டில் மீன் வறுவல் விருந்தில் இருந்ததாகப் பலர் சாட்சி சொன்னார்கள். விசாரணைக்கு முன்பே அவரை மரண தண்டனைக் கைதிகளின் பகுதியில் அடைத்தார்கள். தண்டனையும் விதித்தார்கள். பிரையன் ஸ்டீவன்சன் என்ற வழக்கறிஞர் விடாமல் போராடி, 1993இல்தான் அவர் குற்றமற்றவர் என்று வெளியே வந்தார். உலகமே படித்த நாவல் பிறந்த ஊர். நாவல் வந்து இருபத்தேழு வருடத்துக்குப் பிறகு இது.

அதனால் நாவல் பயனில்லை என்று சொல்லமாட்டேன். வதந்தி எல்லா ஊரிலும் இருக்கும், தெருவில் இருக்கும் வரை அது பிள்ளைகளைப் பயமுறுத்துவதோடு நின்றுவிடும். யாரோ ஒருவர் அதைப் பட்டியலில் ஏற்றும்போதுதான், அல்லது பட்டியலிலிருந்து ஒரு பெயரை விடும்போதுதான், அது ஆளைக் கொல்கிறது. அந்த யாரோ ஒருவர் பெரும்பாலும் பெரிய வில்லன் அல்ல. மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதே என்று கடிகாரம் பார்க்கும் ஒரு குமாஸ்தா.

நான் அடித்த பட்டியலின் கார்பன் நகல் ஏதோ ஒரு ரெக்கார்டு அறையில் இன்னும் இருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் அதில் தப்பு ஒன்றும் தெரியாது. சுத்தமான தட்டச்சு. பதினான்கு பெயர்கள்.